என் இரத்தத்தில் விடுபட்ட வெறும் முறை

என் இரத்தம் இன்னும் வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளையின் இரத்தம் என்று ஒரு டொக்டர் சொன்னார். அப்போது எனக்கு அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. ஒரே மகளைத் தகப்பன் இல்லாமல் வளர்த்து, கலியாணம் பேசுகிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். அப்படிப்பட்ட என்னைப் பார்த்து உன் இரத்தம் இன்னும் பிறக்கவில்லை என்றால் யாருக்குத்தான் விளங்கும்? எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவரின் இரத்தத்தைக் குறை சொல்வது அவருடைய தாய் தகப்பனைக் குறை சொல்வது மாதிரி.

நான் அதிகம் படித்தவளில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், நிதானமாக எழுதுவேன். டொக்டர் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட அளவில்தான் இங்கே எழுதுகிறேன். அந்த அளவும் சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நாங்கள் சல்லிக் கரை ஆட்கள். திருகோணமலைப் பட்டினத்துக்கு வடக்கே கொஞ்சத் தூரம். கடல் பொங்கி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனதற்கு அடுத்த வருடம் அது. பேச்சுவார்த்தைக் காலம். சண்டை முழுதாக நிற்கவும் இல்லை, முழுதாக நடக்கவும் இல்லை. வெளிநாடுகளிலிருந்து டொக்டர்மார் வந்து ஆஸ்பத்திரியில் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவர் இரத்த வருத்தங்களைப் பார்க்கிற பெண் டொக்டர். லண்டனில் வளர்ந்தவர், ஆனால் தாய் வெருகல் பக்கத்து ஆள் என்றபடியால் எங்கள் பேச்சு அவருக்கு விளங்கும்.

என் தம்பியின் மகன் துறைமுக வீதியில் படகு எஞ்சின் திருத்துகிற கடையில் வேலை செய்தான். என் மகளுக்கு அவன்தான் என்பது இருவரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே பேசி வைத்தது. அவன் கோயிலில் நடந்த இரத்ததானத்துக்குப் போன இடத்தில், உன் இரத்தம் எடுக்க ஏலாது, டொக்டரைப் போய்ப் பார் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். டொக்டர் சோதித்துவிட்டு, அவனுக்கு வருத்தம் இல்லை, ஆனால் தலசீமியா என்கிற வருத்தத்தின் ஒரு பங்கு அவன் இரத்தத்தில் இருக்கிறது, குடும்பத்தில் எல்லோரும் வந்து இரத்தம் கொடுங்கள் என்றாராம். தம்பிக்கும் அதே ஒரு பங்கு இருந்தது. கூடப்பிறந்தவள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். நான் வருத்தம் என்று பாயில் கிடந்தவளில்லை. நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, எனக்கு ஒன்றும் இருக்காது என்ற நினைப்போடு போனேன்.

சோதனைக்கு மறுமொழி வந்த நாளில்தான் டொக்டர் அந்தக் கதையைச் சொன்னார். என்னைக் கதிரையில் இருத்தி, தன் கையை விரித்துக் காட்டினார். ஒரு பக்கத்து விரல்களைத் தொட்டு, பிள்ளை வயிற்றுக்குள் இருக்கும்போது இரத்தத்தைச் செய்கிறவை இவை என்றார். மற்றப் பக்கத்து விரல்களைத் தொட்டு, பிறந்த பிறகு செய்கிறவை இவை என்றார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இவற்றுக்குப் பரம்பரை அலகு என்று பெயராம். பிறகு நடுவிரலை மடக்கினார்.

"இது உடைஞ்சது அம்மா. பார்க்க மற்றதுகளைப் போலத்தான் இருக்கும். ஆனால் ஒண்டும் செய்யாது. போலி எண்டு சொல்லுவம்."

எப்போது உடைந்தது என்று கேட்டேன். மனிதர் உண்டாவதற்கு முன்னமே உடைந்துவிட்டது, குரங்குகளுக்கும் அதே இடத்தில் அதே மாதிரி உடைந்துதான் இருக்கிறது என்றார். எங்கள் குடும்பத்துக்கும் குரங்குகளுக்கும் உறவு கிடையாது என்று நான் சொல்லிவிட்டேன். மகள் என் தொடையில் கிள்ளினாள். டொக்டருக்குச் சிரிப்பு. "என்ர குடும்பத்துக்கு இருக்கு அம்மா, நான் ஒளிக்கேல்லை" என்றார்.

எனக்கு அதில் வேறொன்றுதான் இடறியது. உடைந்துபோன ஒன்றை, வேலை செய்யாத ஒன்றை, அவ்வளவு காலமாக ஏன் எறியாமல் வைத்திருக்க வேண்டும்? அதைக் கேட்டேன்.  தாங்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்றார் டொக்டர். முந்திப் படித்தவர்கள் அதைக் குப்பை என்று விட்டுவிட்டார்களாம். இப்போது சிலர் அப்படி நினைக்கவில்லையாம். வயிற்றுப்பிள்ளை இரத்தத்தை நிறுத்து, வளர்ந்தவரின் இரத்தத்தைத் தொடங்கு என்கிற அடையாளம் அந்த உடைந்ததிலோ அதற்குப் பக்கத்திலோ இருக்கலாமாம். உறுதியாகச் சொல்ல ஏலாது என்றார். ஆனால் ஒன்று தெரியும்: சில ஆட்களுக்கு அந்த இடமே ஒரு துண்டாக விழுந்துபோயிருக்கும். அவர்களுக்கு நிறுத்தச் சொல்ல ஆளில்லை. வயிற்றுப்பிள்ளை இரத்தம் சாகும்வரை ஓடிக்கொண்டேயிருக்கும்.

"உங்களுக்குத் தாய் தகப்பனில ஒரு பக்கத்தால அந்த வருத்தம் வந்திருக்கு. மற்றப் பக்கத்தால இந்த விழுந்த துண்டு வந்திருக்கு. துண்டு விழாமல் ரெண்டு பக்கத்தாலயும் வருத்தமே வந்திருந்தால், இவ்வளவு காலம் இருந்திருக்க மாட்டியள்."

அந்த இடத்தில் எனக்கு ஒன்று பளிச்சென்று விளங்கியது. விளங்கியதுதான் பிறகு என்னைக் குழப்பியது. அதைச் சொல்வதற்கு எங்கள் கரையின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கரையில் கரைவலை இழுக்க ஒரேயொரு பாடுதான் இருந்தது. பாடு என்றால் அடியில் கல்லில்லாத, வலை வளைத்து இழுக்கக்கூடிய இடம். அந்த ஒரு இடத்துக்குப் பல வலைகள். அதனால் நாள் முறை வைத்திருந்தார்கள். முதலில் கோயிலடி ஆட்களின் வலைகள். பிறகு என் அம்மாவின் வலை. அதற்குப் பிறகு தெற்குப் பக்கத்து ஆட்களின் வலைகள். அம்மாவின் வலை சண்டை தொடங்கிய காலத்தில், அதை வைத்திருந்த கரைக் கொட்டிலான வாடியோடு சேர்ந்து எரிந்துபோனது. வலை போனாலும் முறை போகவில்லை. அந்த நாள் வந்தால் கரையில் ஒருவரும் இழுக்க மாட்டார்கள். அதை வெறும் முறை என்று சொல்லுவோம். பார்க்கிறவர்களுக்கு அது வீண் நாள். ஆனால் அன்றைக்குத்தான் கோயிலடியார் தங்கள் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டு போவார்கள், தெற்குப் பக்கத்தார் தங்கள் தோணியைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஒரு வார்த்தை பேசாமல் கை மாறிவிடும்.

துறைமுகத்திலிருந்து நேவிக் கப்பல் வெளிக்கிட்டால் கரை முழுவதையும் மூடிவிடுவார்கள். அப்படி அடிக்கடி மூடிய ஒரு காலத்தில், இழுக்கிற நாளே குறைவு, இதற்குள் வெறும் முறை எதற்கு என்று இளசுகள் அதைத் தூக்கிவிட்டார்கள். வந்தது வினை. கோயிலடியார் தங்கள் முறை முடிந்ததென்று ஒத்துக்கொள்ளவில்லை. இழுத்துக்கொண்டேயிருந்தார்கள். தெற்குப் பக்கத்தார் வலையை வைத்துக்கொண்டு காய்ந்தார்கள். கடைசியில் ஒருவன் கத்தியோடு போய்க் கயிற்றை வெட்டினான். நான் கரைக்குப் போய் இரண்டு பகுதிக்கும் நடுவில் நின்று, என் அம்மாவின் நாளை இருந்த இடத்தில் திருப்பி வையுங்கள் என்றேன். வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கரையில் கயிறு வெட்டுப்படவில்லை.

இதை டொக்டரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் கரையில் ஆட்கள் கூடிப் பேசி முறை வைத்தார்கள், இரத்தத்தில் கூடிப் பேச ஒருவரும் இல்லை, தானாக விழுந்தது, தானாக நின்றது என்றார். சரி என்று தலையாட்டினேன். ஆனால் மனம் சரி என்று சொல்லவில்லை. வெறும் முறை இருக்க வேண்டும் என்று அத்தனை பேருக்கு நடுவில் நின்று சண்டை பிடித்தவள் நான். என் உடம்பிலோ அந்த வெறும் முறை விழுந்துபோனதால்தான் நான் உயிரோடு இருக்கிறேன். அப்படியென்றால் எது சரி? இருக்கிறதா, விழுகிறதா? டொக்டரைக் கேட்டேன். மற்றவர்களுக்கு இருப்பது நல்லது, உங்களுக்கு விழுந்தது நல்லது என்றார். அது ஒரு பதிலா?

அதற்குப் பிறகுதான் உண்மையான விஷயத்துக்கு வந்தார். என் மகளைப் பார்த்து, அம்மாவிடமிருந்து உங்களுக்கு எது வந்திருக்கிறது என்று தெரிய வேண்டும், மச்சானைக் கட்டுவதற்கு முன் தெரிய வேண்டும் என்றார்.

"ரெண்டும்தான்" என்று நான் சொன்னேன்.

"இல்லை அம்மா. ரெண்டில ஒண்டுதான் வந்திருக்கும்."

"எனக்கு ஒரே பெட்டை. வீடு, வளவு, நகை, அம்மான்ர முறை, எல்லாம் அவளுக்குத்தான். இதை மட்டும் பாதியாப் பிரிச்சு ஆருக்குக் குடுக்கிறது?"

"இது சீதனம் இல்லை அம்மா."

எங்கள் பக்கத்தில் தாயின் சொத்து பெண்ணுக்குப் போகும். பெண் பிள்ளைகள் பலர் இருந்தால் பிரியும். ஒருத்திதான் என்றால் முழுதும் அவளுக்கு. நான் பிறந்ததிலிருந்து கண்ட வழக்கம் அது. இரத்தம் மட்டும் எப்படி வேறு வழியில் போகும்? உங்கள் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று உங்களுக்கு வந்தது, நீங்கள் கொடுக்கும்போது அதில் ஒன்றைத்தான் கொடுத்திருப்பீர்கள், எது என்று நீங்கள் தெரிந்தெடுக்க ஏலாது என்று டொக்டர் பொறுமையாகத் திருப்பித் திருப்பிச் சொன்னார். விழுந்த துண்டு மகளுக்கு வந்திருந்தால் பயமில்லை, பிறக்கிற பிள்ளை ஆகக் கூடினால் உங்களைப் போல இருக்கும். வருத்தத்தின் பங்கு வந்திருந்தால், மச்சானிடமும் அதே பங்கு இருக்கிறது, இரண்டும் ஒரு பிள்ளையில் சேரலாம்.

சேர்ந்தால் என்ன என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. போகும் வழியில் வார்டில் ஒரு பிள்ளையைக் காட்டினார். கிளிவெட்டியிலிருந்து வந்த பிள்ளை. கையில் இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. வயிறு பெருத்து, கன்னத்து எலும்பு அகன்று, தோல் எலுமிச்சம்பழம் மாதிரி. மாதம் ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டுமாம். பாதை மூடினால் வர முடியாது என்று தாய் சொன்னாள். என் மகள் அந்தப் பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டு நின்றாள். வா என்று நான் கூப்பிட்டும் உடனே வரவில்லை.

அன்றைக்கே மகளின் இரத்தத்தை எடுத்தார்கள். பார்க்கிற மிசின் கொழும்பில்தான் இருந்தது. அனுப்பினார்கள். மறுமொழி வருவதற்கு முன் சண்டை வந்துவிட்டது. குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூரில் செல் குண்டு விழுகிற சத்தம் எங்கள் வீட்டுச் சுவரில் கேட்கும். வெளிநாட்டு டொக்டர்மாரை அவசரமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் டொக்டரும் போய்விட்டார். மறுமொழி ஆஸ்பத்திரிக்கு வரும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். நானும் மகளும் ஆமிச் சென்றிகளில் சோதனைக்கு இறங்கி இறங்கிப் போய்ப் பார்த்தோம். அவருடைய அறையில் அகதியாக வந்த ஆட்கள் படுத்திருந்தார்கள். இரத்தத்தைப் பற்றிக் கேட்க ஒருவரும் இல்லை. கேட்கிற நேரமும் அது இல்லை.

அன்புவழிபுரத்திலிருந்து தம்பி வந்தான். வந்தவன் தேத்தண்ணியும் குடிக்கவில்லை.

"அக்கா, இனிப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. சுற்றிவளைப்பில ஆமிக்காரங்கள் தனிப் பெடியளைத்தான் முதல்ல பிடிச்சு ஏத்துறாங்கள். கலியாணம் கட்டினவன் எண்டால் கொஞ்சம் யோசிப்பாங்கள். இந்தக் கிழமைக்குள்ள செய்வம்."

கட்டியவர்களையும் ஏற்றினார்கள் என்பது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனால் எதையாவது செய்ய வேண்டும் என்று தவிக்கிற மனிதனிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

மகள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவளுக்குக் கேட்டிருந்தது. தகப்பன் போன பிறகு அந்த வீட்டில் முடிவு சொல்கிறவள் நான்தான். அவளும் என் வாயைத்தான் பார்த்தாள்.

"அம்மா, அந்த மறுமொழி வராமல் கட்டலாமோ?"

"கட்டலாம். உனக்கு ரெண்டும் இருக்கு. எனக்கு ஒண்டும் ஆகேல்லை. உனக்கும் ஆகாது, உன்ர பிள்ளைக்கும் ஆகாது."

"டொக்டர் அப்பிடிச் சொல்லேல்லையே."

"அவவுக்கு எங்கட வழக்கம் தெரியாது."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "உங்களுக்குத் தெரியுமோ, இல்லாட்டி நினைக்கிறியளோ?"

"தெரியும்" என்றேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரியும் என்றுதான் இருந்தது.

மருமகனும் ஒன்றும் தெரியாதவனில்லை. ஒருநாள் வந்து, மாமி, அவளுக்கு மனமில்லையென்றால் நான் காத்திருப்பேன் என்று சொன்னான். அவளுக்கு மனம் இருந்தது. பயமும் இருந்தது. ஊரடங்குக்கு முன் கோயிலில் தாலி கட்டி, வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்பினோம்.

அடுத்த வருடம் ஒரு பெண் பிள்ளை பிறந்தாள். சிவந்து, கொழுகொழு என்று இருந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நல்ல இரத்தம் என்றார்கள். எனக்கு அந்தச் சொல் சந்தோஷம் தரவில்லை. பிறக்கும்போது எல்லாப் பிள்ளைகளும் நன்றாகத்தான் இருக்கும், வயிற்றுப்பிள்ளை இரத்தம் ஓடி முடிகிறபோதுதான் தெரியும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆறு மாதம் மட்டில் கை மாறுமாம். அந்த மாதங்களில் எனக்கும் அவளுக்கும் ஒரே இரத்தம். மடியில் வைத்திருக்கும்போது அதை நினைப்பேன். உலகத்தில் வளர்ந்தவர்கள் ஒருவருக்கும் இல்லாத உறவு அது என்று எனக்குள் ஒரு பெருமை. அடுத்த நிமிடமே, இது மாற வேண்டுமா மாறக்கூடாதா என்று தலை சுற்றும். மாறாமல் இருந்தால் அவள் என்னைப் போல. மாறினால் மற்ற எல்லோரையும் போல. பழையது நின்று, வளர்ந்தவரின் இரத்தமும் வராமல்போனால் வார்டில் கண்ட அந்தப் பிள்ளையைப் போல. எதற்காக வேண்டிக்கொள்வது? கோயிலில் போய் நின்று, ஒன்றும் கேட்காமல் திரும்பிய நாட்கள் உண்டு.

 வெளிச்சம் வந்தவுடன் மகள் பிள்ளையை வாசலுக்குக் கொண்டுபோய், உள்ளே வெளுத்திருக்கிறதா என்று கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் துடைப்பது மாதிரிச் செய்வாள். மருமகன் வேலைக்குப் போகுமுன் மகளின் முகத்தைப் பார்ப்பான், பிள்ளையின் முகத்தையல்ல.

முதல் பல் முளைத்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புதிதாக வந்த இளம் டொக்டர் ஒருவர் இருந்தார். பிள்ளைக்கும் மகளுக்கும் சேர்த்து இரத்தம் எடுத்தார். இந்த முறை கொழும்புப் பாதை திறந்திருந்தது. மறுமொழி வந்தது.

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. வருத்தத்தின் பங்கும் இல்லை, விழுந்த துண்டும் இல்லை. வெறும் முறை எல்லோருக்கும் இருக்கிற இடத்தில் அவளுக்கும் இருக்கிறது, கை ஒழுங்காக மாறிவிட்டது. மகளிடம் வருத்தத்தின் பங்கு மட்டும்தான் இருந்தது.

"நாலில ஒரு பங்கு பயம் இருந்தது. நல்ல காலம், பிள்ளை தப்பியிட்டா" என்றார் டொக்டர். "அடுத்த பிள்ளைக்கும் இதே பயம்தான். முதல் தப்பினது எண்டு அது குறையாது."

அந்த விழுந்த துண்டு எங்கே போனது என்று நான் கேட்டேன். எனக்கு அதுதான் வாயில் வந்தது.

"அது உங்களோட நிண்டிட்டுது அம்மா."

வெளியே விறாந்தையில் மர வாங்கில் இருந்தோம். முன்னால் கடல். நேவிப் படகு ஒன்று துறைமுக வாயால் உள்ளே வந்துகொண்டிருந்தது. மகள் அழவில்லை, என்னைக் குறை சொல்லவும் இல்லை. பிள்ளையின் சட்டையைச் சரிசெய்துகொண்டு புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கு இவ ஒராள் போதும். திரும்ப ஆறு மாதம் இப்பிடி நிண்டு பார்க்க என்னால ஏலாது."

மருமகன் என் பக்கம் திரும்பினான். "மாமி, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

அவன் நல்ல மனதோடுதான் கேட்டான். எங்கள் குடும்பத்தில் கடைசிச் சொல் என்னுடையது. வலை விஷயமானாலும், வளவு விஷயமானாலும், கலியாணம் ஆனாலும் நான் சொன்னால் முடிந்தது. வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? ஒரு பிள்ளை போதாது என்றா, போதும் என்றா? தெரியும் என்று சொல்வதா, நினைக்கிறேன் என்று சொல்வதா? மகள் என்னைப் பார்க்கவில்லை. அவள் பதிலுக்காகக் காத்திருக்கவும் இல்லை.

"அவளைக் கேள் தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

"அவள்தான் சொல்லியிட்டாளே" என்றான்.

அவர்கள் இன்னொரு பிள்ளை பெறவில்லை. பேத்திக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும், படுகிறேன். ஆனால் என்னை உயிரோடு வைத்திருந்தது எதுவோ அது அவளிடம் இல்லை, அவள் தாயிடமும் இல்லை. வேண்டிய இடத்துக்கு அது போகவில்லை. போகாததாலும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. பிறக்காத அந்த இரண்டாவது பிள்ளைக்கு எது வந்திருக்கும் என்று சில நேரம் யோசிப்பேன். பிறகு, அதை யோசிக்க நான் யார் என்றும் யோசிப்பேன்.